வயலைத் திட்டலாம்

என் அப்பா வெள்ளாமைக்காரர். வீடு எழுவான்கரையில், களுவாஞ்சிகுடிப் பக்கம். வயல் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வெல்லாவெளியையும் தாண்டி. விதைப்புக்கும் வெட்டுக்கும் போனால் வாடியிலேயே தங்கிவிடுவார். யானைக் காவல், பன்றிக் காவல், வரம்பு உடைப்பு, தண்ணீர்ச் சண்டை என்று ஏதாவது ஒன்று அவரை அங்கே பிடித்து வைத்திருக்கும். அந்த நாட்களில் அம்மா வயலைத் திட்டுவா. அயலுக்கெல்லாம் கேட்கத் திட்டுவா. "அந்த மண்ணையே கட்டிப் பிடிச்சிட்டுக் கிடக்கட்டும்" என்பா. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவும் சேர்ந்துகொள்வா. பெரியப்பாவும் அதே வட்டையில்தான் கிடந்தார். திட்டி முடிந்ததும் இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பார்கள்.

மட்டக்களப்புப் பெண்களுக்கு இதில் ஒரு வசதியும் இருந்தது. இங்கே வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்து ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். அம்மாவின் தாய் ஒரு வளவில், தங்கச்சி அடுத்த வளவில். புருஷன் வாவி கடந்து போனாலும் அடுப்புக்கு ஆள் குறையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட நாலு கை இருக்கும்.

நான் ஊழியக்காரரைக் கட்டினேன். சபை தந்த வீட்டில் குடியிருந்தேன். தாய்வழிச் சொந்தம் எவரும் கூப்பிடு தூரத்தில் இல்லை. இதையெல்லாம் சமாளித்திருப்பேன். சமாளிக்க முடியாதது வேறு ஒன்று: வயலைத் திட்டலாம், ஊழியத்தைத் திட்ட முடியாது.

அவரை நான் முதலில் பார்த்தது 2007இல், இடம்பெயர்ந்தவர்களின் கூடாரங்களுக்கு நடுவில். அந்த வருடம் சண்டை முதலில் வாகரையையும் பிறகு படுவான்கரையையும் காலி செய்தது. மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இடம்பெயர்ந்து கிடந்தது. நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவள். அவர் தண்ணீர்ப் பவுசருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார், ஒரு கிழவியின் வாளியைத் தூக்கிக்கொண்டு. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தேன். ஆகவே மறுகா அதே ஓட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனம் மீளக் குடியேறியதும் அவரும் அவர்களோடு வாவியைக் கடந்தார். தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தண்ணீர் இது. அந்தக் காலத்தில் மண்முனையில் பாலம் இல்லை. மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி அக்கரை போக வேண்டும். பாதை என்றால் இங்கே தெருவல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவை. கடைசிப் பாதை போய்விட்டால் இரவு அக்கரையில்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது ஊரிலே அதிகம் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். இனிப் பின்னேரமே வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, பாலம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்துக்கு இன்னும் உள்ளே உள்ள ஊர்களைச் சேர்த்துக்கொண்டார். அதோடு வாகரை. வருடத்தில் சில தடவை மலையகத் தோட்டங்கள், வன்னி. அவை கிழமைக் கணக்கு.

போதகர்மாரின் மனைவிகளுக்கு என்று நடக்கும் கூட்டங்களில் மூத்தவர்கள் எங்களுக்குப் புத்தி சொல்வார்கள். ஊழியத்துக்குப் போனவரின் மனம் கலங்கக் கூடாது. போனில் வீட்டுக் கஷ்டம் கதைக்கக் கூடாது. திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருக்க வேண்டும். இப்படி ஒரு கூட்டத்தில்தான் வில்லியம் கேரியின் கதையை நூறாவது தடவையாகக் கேட்டேன். 1793இல் இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்குக் கப்பலேறியவர், வேதாகமத்தை மொழி மொழியாகப் பெயர்த்தவர். பேசியவர் சொல்லாமல் விட்டது டொரத்தி கேரியை. வர மாட்டேன் என்று முதலில் மறுத்தவ அவ. கைக்குழந்தையோடு கடைசி நேரத்தில் இணங்கினா. வந்த மறுவருடம் ஐந்து வயது மகன் பீற்றர் வயிற்றோட்டத்தில் செத்துப்போனான். அவவின் மனம் சிதைந்தது. 1807இல் சாகும்வரை தெளியவில்லை. அந்த வருடங்களில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். இதை நான் பின்னால் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். வாசித்த இரவு நித்திரை வரவில்லை. கேரியில் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் போக்கிடம் இருக்கவில்லை. மேடையில் நின்று கதை சொன்னவர்கள் மீதுதான்.

நமது ஊரிலும் ஒரு சிலை இருக்கிறது. வாவிக்கரையில், மட்டக்களப்பு நுழைவாயில் பக்கம், வில்லியம் ஓல்ட். 1814இல் இங்கே வந்திறங்கிய முதல் மெதடிஸ்த மிஷனரி. மத்திய கல்லூரியின் கதை அவரில் இருந்துதான் தொடங்குகிறது. அடுத்த வருடம் ஏப்ரலில் இந்த மண்ணிலேயே இறந்துபோனார், ஒரு வருடம்கூட நிறையவில்லை. அவர் தனியாகத்தான் வந்திறங்கினார். இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது மனைவி கூட இருந்தா; கப்பல் இலங்கையைத் தொடுமுன் கடலிலேயே இறந்துவிட்டா. சின்ன வயதில் அந்தச் சிலைக்குக் கீழே நாங்கள் கச்சான் கொறித்திருக்கிறோம். அவருக்கு ஒரு மனைவி இருந்தா என்று அப்போது எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோவின் நிலை கொஞ்சம் மேல். அவ 1833இல் இறந்த பிறகு கணவர் மைரன் வின்ஸ்லோ அவவின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் தொகுத்துப் புத்தகமாக்கினார். நமக்கு அகராதி தந்த அதே வின்ஸ்லோதான். அவ எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. எழுதாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

என் பங்குக்கு நானும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். இலக்கியம் ஒன்றும் இல்லை. மகனின் கணக்குக் கொப்பியில் மிஞ்சிய தாள்கள். போனில் சொல்லக் கூடாது என்று மூத்தவர்கள் தடுத்ததையெல்லாம் அதில் எழுதினேன். கிணத்து மோட்டர் இழுக்கவில்லை. மகளின் ரீச்சர் வந்து சந்திக்கச் சொன்னா. கரண்ட் பில் இரண்டு மாதம் நிலுவை. மூலைக் கூரையால் தண்ணி வருது. சில பக்கங்களின் கீழே பெயருக்குப் பதில் வெறும் எழுத்துகள் இருக்கும்: 'ச. வந்தா, அழுதா.' 'ம.வும் பிள்ளைகளும் இரவு இங்கே படுத்தார்கள்.'

அந்த எழுத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊரில் இருக்கும்போது எங்கள் கேற்றைத் தட்டுபவர்களில் பெரும்பாலும் ஆண்கள், அல்லது புருஷனோடு வரும் பெண்கள். வீடு கட்ட ஜெபம், வெளிநாடு போக ஜெபம், சோதனை பாஸாக ஜெபம். அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் வேறு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். நுண்கடன் எடுத்து, கிழமைக் கட்டுக் கட்ட வழியில்லாமல், லோன்காரன் வீட்டு வாசலில் குந்தியிருக்க, பின்பக்கத்தால் நழுவி என் குசினிக்குள் வந்து இருப்பவர்கள். கசிப்புக் குடித்துவிட்டு அடிக்கிறவனுக்குப் பயந்து வந்தவர்கள். ஒரு பிள்ளை, பதினாறு வயது, தாய்க்குச் சொல்ல முடியாததைச் சொல்ல வந்தவள். "பாஸ்டர் இல்லைதானே அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். அவருக்கு முன்னால் சொன்னால் அது சபைக்குத் தெரிந்த காரியமாகிவிடும். என்னிடம் சொன்னால் தேத்தண்ணியோடு போய்விடும். கடனை நான் அடைக்கவில்லை, அடிக்கிறவனைத் திருத்தவும் இல்லை. சிலரைக் கிராம சேவகரிடம் கூட்டிப்போனேன், ஒருத்தியோடு பொலிசுக்குப் போய் வாசலில் காவல் இருந்தேன். மிச்சப் பேருக்குப் படுக்கப் பாய் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அவர் புறப்பட்டுப் போன முதல் இரவு எனக்குச் சுகமாக இருக்கும். சோறு ஆக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கும் எனக்கும் பாணும் இடிச்ச சம்பலும் போதும். வானொலியைச் சத்தமாக வைப்பேன். விருந்துக் கதிரைகளில் உடுப்புக் குவியல் கிடக்கும், மடிக்க மாட்டேன். கட்டிலில் குறுக்கே படுப்பேன். மூன்றாம் நாள் போல அவரைத் தேடும், அது வேறு. ஆனால் அந்த முதல் இரவு நிம்மதிக்காக நான் வருடக்கணக்கில் ரகசியமாக மன்னிப்புக் கேட்டு ஜெபித்திருக்கிறேன். இப்போது கேட்பதில்லை. ஏக்கத்தையும் வெளியே சொல்லக் கூடாது, நிம்மதியையும் சொல்லக் கூடாது என்றால் மனுசி எதைத்தான் சொல்வது?

அவர் போவதை விடக் கஷ்டம் அவர் திரும்பி வருவது. கேற்றடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பறப்பார்கள். பின்சீற்றில் எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு, ஒரு பை சோளன், சில நேரம் போத்தலில் தேன். படுவான்கரைச் சனம் வெறுங்கையோடு அனுப்பாது. அன்று இரவு திருவிழா. மறுநாள் காலை ஆரம்பிக்கும். "இந்த வாளி ஏன் இங்க இருக்கு?" "இவன் எப்பயிலிருந்து ஒன்பதரைக்குப் படுக்கிறான்?" கேள்வியில் பிழை இல்லை. ஆனால் அவர் இல்லாத நாட்களில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஒழுங்கு போட்டிருப்போம். வாளி அங்கே இருப்பதற்குக் காரணம் ஒழுகும் குழாய். ஒன்பதரைக்குக் காரணம் மகள் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரராக மாற எடுக்கும் அந்த இடைவெளியில் நாங்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்வோம். நானும் சும்மா இருந்ததில்லை. அவர் சேட்டைக் கழற்றுமுன்னே கொப்பியில் இருந்த அத்தனையையும் வாசலில் வைத்தே ஒப்புவித்திருக்கிறேன். களைத்து வந்த மனுசன் திகைத்துப் போய் நிற்பார்.

பிறகு ஒரு நாள், 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தம் எங்கள் வளவு வரைக்கும் வந்தது. டயர் என்றார்கள், ட்ரான்ஸ்போமர் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற சிறுவர்கள் பலர் செத்துப்போனார்கள். எங்கள் ஒழுங்கையிலிருந்தும் அந்த ஆலயத்துக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். நான் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பெண்களோடு போதனா வைத்தியசாலை வாசலில் போய் நின்றேன். அங்கே நின்ற சனத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

அவர் படுவான்கரையில் ஒரு கிராமத்தில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார். ஆராதனை நேரம் போனை நிறுத்தி வைப்பது அவர் வழக்கம். எந்தக் கிராமம் என்று எனக்குத் தெரியாது. அன்று தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. வேறு ஆலயங்களிலும் குண்டு என்று, கொழும்பு, நீர்கொழும்பு எனப் பெயர்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அணைத்து வைத்த போனுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கடந்து அவர் வந்து இறங்கியபோது எங்கள் வீட்டு வாசலில் நின்ற சபையார் "பாஸ்டர் வந்திட்டார்" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவரும் அழுதார், ஜெபித்தார், செத்த வீடுகளுக்குப் போனார். நான் உலை வைத்தேன்.

அந்தக் கிழமை முடிந்து ஓர் இரவுதான் சொன்னேன். "உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா எந்த ஊருல வந்து உங்களத் தேடுற எண்டு எனக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும் எண்டு சொல்லாதீங்க. எனக்குத் தெரியணும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழும்பிப் பார்த்தால் குசினிச் சுவரில் கலண்டர் மாறியிருந்தது. பெரிய கட்டங்கள் உள்ள வங்கிக் கலண்டர். நீலப் பேனையால் ஒவ்வொரு திகதியிலும் ஊர், அந்த ஊரில் யார் வீடு, அவர்களுடைய போன் இலக்கம். ஓர் இடத்தில் 'இங்கே சிக்னல் இல்லை, பள்ளிக்கூடத்தடி கடைக்கு எடுக்கவும்' என்று இருந்தது. இன்னொன்றில் 'ஆறு மணிக்குப் பிறகு ரோட்டில் யானை, அங்கேயே தங்குவேன்'. அதுவரை அவருடைய பயணம் எனக்கு வாவிக்கு அந்தப் பக்கம் என்ற ஒரே சொல்லாகத்தான் இருந்தது. இப்போது அது கடையும் ரோட்டும் யானையும் உள்ள ஊர்களாகியது. ஊர்கள் தெரிந்ததால்தான் கேள்வி கேட்க முடிந்தது. இந்த ஊருக்குப் போன மாதம்தானே போனீர்கள்? இந்த இரண்டு ஊரும் ஒரே ரோட்டில்தானே, ஏன் இரண்டு தரம்? இந்தக் கூட்டத்தை அங்குள்ள பெடியன்களே நடத்தக் கூடாதா?

முதலில் அவருக்குச் சுட்டது. ஊழியத்துக்குத் தடை போடுகிறாயா என்றார். நான் தடை போட்டது ஊழியத்துக்கு இல்லை, சில பயணங்களுக்கு. இரண்டும் வேறு என்று எனக்கே அப்போதுதான் வாய்க்குள் சொல் திரண்டது. என் அம்மா வயலைத் திட்டினாவே தவிர நெல் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நான் சொல்லி முடிக்காததைப் பெற்றோல் சொன்னது. 2022 பொருளாதார நெருக்கடியில் சங்கிலி போல் வரிசைகள் நீண்டு, ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானது. நாலு லீற்றரில் வாகரைக்குப் போய் வந்தால் அந்தக் கிழமை வேறு ஊர் இல்லை. அவர் கலண்டருக்கு முன்னால் நின்று ஊர்களை அழிப்பதை நான் காஸ் வரிசைக்குப் போகும் அவசரத்தில் பார்த்தேன். மனுசன் உண்மையிலேயே கலங்கிப் போனார். தான் போகாவிட்டால் எல்லாம் குலைந்துவிடும் என்று நம்பினார். குலையவில்லை. ஓர் ஊரில் ஆசிரியை ஒருத்தி ஜெபக்கூட்டத்தை எடுத்து நடத்தினா. இன்னோர் ஊரில் மாடு மேய்க்கும் ஒரு அண்ணன் பிரசங்கமே செய்தாராம். நீளமாகவும் செய்தாராம். ஒரு கிராமத்தில் மட்டும் கூட்டம் நின்றேபோனது. அதற்காக அவர் இன்றைக்கும் வருந்துகிறார், நானும் அதை ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அழித்த ஊர்கள் சிலவற்றை அவர் மறுபடி எழுதவில்லை.

அந்த மாதங்களில் வீட்டில் இருந்தவர் கொப்பியைக் கண்டெடுத்தார். ஒளித்து வைத்ததல்ல, அரிசி வாளிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. காலைத் தேத்தண்ணியோடு உட்கார்ந்து முதல் தாளிலிருந்து வாசித்தார். மோட்டர், பில், கூரை எல்லாம் தாண்டி அந்த எழுத்துகளுக்கு வந்ததும், "இது யாரு?" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதும் ஊழியம்தானே" என்றார். "அப்ப உங்கட அறிக்கையில போடுங்க" என்றேன். ஊழியத்தைப் பற்றி அவர் எழுதிய அடுத்த அறிக்கையில் 'வீட்டுச் சந்திப்புகள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். சந்தித்தது யார் என்று எழுதவில்லை. பரவாயில்லை, அவசரம் இல்லை.

இப்போது எங்களுக்கிடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வந்த அன்றைக்கு முறைப்பாடும் இல்லை, விசாரணையும் இல்லை. மறுநாள் காலையில் அவர் கொப்பியை வாசிப்பார். வாசித்த பிறகு வாளியைப் பற்றிக் கேட்கலாம். அவசரம் என்றால் போனிலேயே சொல்லிவிடுவேன், மூத்தவர்கள் மன்னிக்கட்டும். மகனுக்கு டெங்கு வந்து இரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருந்த மாரி நாட்களில் வன்னிப் பயணத்துக்குப் பையைக் கட்டி வைத்திருந்தார். "இந்தக் கிழமை போறல்ல" என்றேன். பையை அவிழ்த்தார். அவர் வார்ட்டில் இருந்த இரவுகளில் மற்றக் கட்டில்களின் தாய்மார் பாதிப் பேர் அவரிடம் ஜெபம் கேட்டு வந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மகள் ஓ.எல். எழுதியிருக்கிறாள். போன மாதம் இரவுச் சாப்பாட்டில், யாரும் கேட்காமலே, "நான் ஊழியக்காரரக் கட்ட மாட்டன்" என்றாள். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் கண்டிப்பேன் என்று என்னைப் பார்த்தார். நான் இறால் சட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீயா சொல்லிக் குடுத்த?" என்று பிறகு என்னிடம் தனியாகக் கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன். "மிச்சத்த அவளே பாத்துப் படிச்சிருக்காள்."

அவருக்கு மனம் நொந்துதான் போனது. அடுத்த நாள் வாகரைக்குப் போகும்போது மகளைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை பிடித்தார்களாம். வந்ததும் அவள் கொப்பியை எடுத்து, கடைசித் தாளில், 'அப்பாவுக்கு ரோட் தெரியாது, கூகுளைக் கேட்கவும் மாட்டார்' என்று எழுதி வைத்தாள்.